காய்ச்சல் வந்தால் காசு வரும்

விருத்தாசலம்,
28.11.2006

மரியாதைக்குரிய மாப்பிள்ளை நந்தகுமார் அவர்களுக்கு,

மாமனார் கோதண்டபாணி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மாமியார் அமிர்தமும் முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசி முட்டியில் மாட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. அங்கு நீங்களும் பூர்ணிமாவும் பேத்தி வெண்பாவும் முழு நலமாக இருக்கக் கொளஞ்சியப்பர் துணையிருக்கட்டும். எழுத்து கோணலாகப் போவதைப் பார்த்து, பெரியவர் இந்த வயதில் ஏதோ பழகிக்கொண்டார் என்று நினைத்துவிட வேண்டாம். விரல் மடங்கவில்லை, அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது கொல்லையில் நூற்றுச் சொச்சம் ஜாடிகள் தலைகீழாகக் கிடப்பதைப் பார்த்து, "என்ன மாமா, கவுத்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டீர்கள். அப்போது நான் கரும்பைப் பற்றிப் பேசி மழுப்பிவிட்டேன். சுகாதாரத்துக்குப் பணம் ஒதுக்குகிற கோப்பெல்லாம் கோட்டையில் உங்கள் மேசையைத் தாண்டித்தான் போகும் என்று நீங்கள் அன்று சொன்னது நினைவிருக்கிறது. அதனால்தான் இப்போது முழுக்கதையையும் எழுதுகிறேன்.

போன வருஷம் பெருமழை பெய்ததே, அப்போது எங்கள் பகுதிக்குக் கொசு ஒழிப்பு வேலைக்கென்று பத்துப் பெண்களை எடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர் காசியம்மாள். ஒரு கையில் டார்ச், மறு கையில் அகப்பை, தோளில் மருந்துப் பை. செவ்வாய்க்கிழமை ஆனால் காலை ஒன்பதுக்கு வாசலில் நிற்பார். தொட்டியைப் பார்ப்பார், டிரம்மைப் பார்ப்பார், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை இழுத்துப் பார்ப்பார். அப்படி ஒரு தட்டு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு கொல்லைக்குப் போனார். முப்பது வருஷம் ஊறுகாய் ஜாடி சுட்டவன் நான். சூளையில் சூடு ஒரு பக்கம் கூடி, ஒரு பக்கம் குறைந்தால் ஜாடி கோணிக்கொள்ளும். அதை யாரும் வாங்க மாட்டார்கள், எனக்கோ எறிய மனசு வராது. அத்தனையும் அங்கேதான் வரிசையாக நின்றன, வாய் நிறைய மழைத் தண்ணீரோடு.

"ஐயா, ஒவ்வொன்னையும் கவுக்கணுங்க" என்றார்.

"என் கையால செஞ்ச சரக்கும்மா. கவுத்து வச்சா மூஞ்சி தெரியாது."

"மூஞ்சி தெரியலன்னா பரவால்லிங்க, உள்ள இருக்கறதப் பாருங்க" என்று அகப்பையில் மொண்டு டார்ச் அடித்துக் காட்டினார். கமா கமாவாக ஏதோ துள்ளியது. "இதுங்களுக்கு இன்னும் ரெண்டு நாள்ல றெக்க மொளச்சிரும். மொத ஆளா ஒங்களத்தான் பாக்க வரும்."

சொல்லிவிட்டு நூற்றுச் சொச்சத்தையும் தானே கவிழ்த்தார். கவிழ்த்ததில் மயில் போட்ட ஜாடி ஒன்று உடைந்துபோய்விட்டது. எனக்கு வந்ததே கோபம்! சுகாதார ஆய்வாளர் பழமலைநாதனுக்கு மனு எழுதினேன். வாராவாரம் வருகிறார், விடாமல் தேடுகிறார், மூடி போட்ட அண்டாவையும் திறந்து பார்க்கிறார், காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டால்கூட உட்கார மாட்டேன் என்கிறார் என்று மூன்று பக்கம். பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன். கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டுவது ஒன்றுதான் பாக்கி.

தை மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. என் மனு வேலை செய்துவிட்டது என்று நினைத்து, கடைத்தெருவில் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல ஆபீசுக்கே போனேன், மாப்பிள்ளை. பழமலைநாதன் ஜாங்கிரியை எடுத்துக்கொண்டுதான் பேசினார்.

"ஒங்க மனு ரொம்ப நல்லாருந்துதுங்க. இந்தப் பொண்ணுங்க எவ்ளோ ஒழுங்கா வேலை செய்யுறாங்கன்னு காட்ட அதையே மேல அனுப்பிட்டேன். இவங்களத் தொடர்ந்து வச்சிக்கக் காசு குடுங்கன்னும் கேட்டுருந்தேன்."

"அப்புறம் ஏன் அந்த அம்மா வரல?"

"மூணு மாசத்துக்குத்தாங்க காசு வந்துது. முடிஞ்சிபோச்சி. பத்துப் பேரையும் வூட்டுக்கு அனுப்பிட்டோம்."

"மறுபடி எப்ப வரும்?"

"காய்ச்சல் வந்தா காசு வரும்."

"காசு இருந்தா காய்ச்சலே வராதேங்க?"

அவர் இரண்டாவது ஜாங்கிரியை எடுத்துக்கொண்டு, "இதத்தான் நானும் நாலு வருசமா எழுதிக்கிட்டிருக்கேன். ஒங்க அளவுக்கு நல்லா எழுத வரல" என்றார்.

வீட்டுக்கு வந்த நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஜாடிகளை அப்படியே விட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், கேட்க ஆளில்லை என்ற தெம்பில் அத்தனையையும் நிமிர்த்தி, துடைத்து, வரிசையாக வைத்தேன். ஆடியில் நாலு நாள் மழை பிடித்தது. ஆவணியில் தெருவே குனிந்துவிட்டது. சிக்குன்குனியா. முதலில் எதிர்வீட்டு மாயவன். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்து, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்து நானும் கூடவே தேடினேன். மறுநாள் நானும் அதே கோணத்தில் நின்றேன். பால்காரர் குனிந்து ஊற்ற, நாங்கள் குனிந்து வாங்கினோம். ஒரு கல்யாணத்தில் பந்திப் பாயில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க முடியாமல், அடுத்த பந்தியையும் அவர்களே சாப்பிட்டார்கள்.

சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன், ஆனால் இனி எழுதப்போவதை உங்களிடம் மறைத்திருந்தோம். பூர்ணிமாவிடம் போனில் "அம்மாவுக்குச் சளிக்காய்ச்சல்" என்று சொன்னது பொய். அவளுக்குக் காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் காலை அமிர்தம் பாத்ரூமில் விழுந்துவிட்டாள். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. என்னைப் பார்த்து, "யாருங்க நீங்க? அவரு கடைக்குப் போயிருக்காரு" என்கிறாள். தூக்கலாம் என்றால் என் கை தோளுக்கு மேல் வரவில்லை. கத்தினேன். அந்தத் தெருவில் கத்தினால் ஓடி வரும் நிலையில் யார் இருக்கிறார்கள்?

காசியம்மாள்தான் வந்தார். வேலை போனபிறகு பக்கத்துச் சூளையில் களிமண் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். தலையில் சும்மாட்டோடு உள்ளே வந்தவர், அமிர்தத்தை ஒரு பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கினார். மண் மூட்டை ஏற்றி வந்த டெம்போவை நிறுத்தி, மூட்டையைத் தள்ளிவிட்டு, அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு நாள் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். இன்னும் அரை நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். மீதியைச் சொல்ல வேண்டாம் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதுவும் பாதிதான் எழும்பியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரிடம் மனுக்களைப் பற்றி ஒப்புக்கொண்டேன்.

"தெரியுங்க ஐயா. சாரு எங்க எல்லாருக்கும் படிச்சிக் காட்டுனாரு" என்றார். "என்னப் பத்தி மூணு பக்கம் எழுதுன ஒரே ஆளு நீங்கதான்."

அன்று சாயங்காலமே ஒற்றைப் பைசா வாங்காமல் எங்கள் கொல்லைக்கு வந்து அத்தனை ஜாடியையும் மறுபடி கவிழ்த்துவிட்டுப் போனார்.

காய்ச்சல் வந்துவிட்டதல்லவா, சொன்னபடி காசும் வந்தது. புரட்டாசிக் கடைசியில் ஆர்டர் வந்து பத்துப் பேரை எடுத்தார்கள். ஆனால் பழைய ஆட்களில் காசியம்மாளோடு சேர்த்து ஆறு பேர்தான் கிடைத்தார்கள். மற்றவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். பாவம், அவர்களும் சாப்பிட வேண்டாமா? காசியம்மாளுக்கு இருநூறு வீட்டிலும் எந்தத் தொட்டி எங்கே என்று மனப்பாடம். ஒரு வாரம் அவருக்குப் பதிலாக வந்த புதுப்பெண் எங்கள் ரசக் குண்டானுக்குள் டார்ச் அடித்து, உள்ளே மிதந்த சீரகத்துக்கு மருந்து ஊற்றப் போய்விட்டாள். அவளுக்கு ஒரு வருஷம் கொடுத்தால் கற்றுக்கொள்வாள். கொடுத்திருப்பதோ மூன்று மாதம். பொங்கலோடு இதுவும் முடிகிறதாம்.

சூளையை மூட்டிவிட்டு நடுவில் விறகை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். உள்ளே இருப்பது அத்தனையும் போகும், மறுபடி மண் பிசைவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த வேலையும் அப்படித்தான். மாப்பிள்ளை என்ற உரிமையில் உங்களிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்பதும் எனக்காக அல்ல. அந்தக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வருஷம் முழுக்க அவர்களுக்குச் சம்பளம் போகிற மாதிரி இரண்டு வரி எழுதி மேலே தள்ளிவிடுங்கள். காய்ச்சல் இல்லையே, பிறகு எதற்கு ஆள் என்று யாராவது கேட்டால், ஆள் இருப்பதால்தான் காய்ச்சல் இல்லை என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லலாம்.

பேத்திக்கு முத்தங்கள். நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல், முட்டி மடங்கி நிமிர, நீண்ட காலம் வாழ இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்
கோதண்டபாணி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பூர்ணிமா போன் செய்தாள். உங்களை மீன்வளத்துக்கு மாற்றி ஆறு மாதம் ஆகிறதாம். தெரிந்தால் நான் வருத்தப்படுவேன் என்று சொல்லவில்லையாம். ஆகவே மேலே எழுதியது எதுவும் உங்களுக்கு அல்ல. விரல் இருக்கிற நிலையில் மறுபடி எழுதவும் முடியாது. உங்கள் பழைய நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவரிடம் இதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். "மாப்பிள்ளை" என்று வருகிற இடத்திலெல்லாம் அடித்துவிட்டு "ஐயா" என்று போடுங்கள். ஆசிகளை மட்டும் அடிக்க வேண்டாம். அவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.