முதியோர் தேகாரோக்கியப் பாதை

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முதியோர் நலன் பேணும் சபை உதயமானது. தோட்டத்தில் முதியோருக்குக் குறைவில்லை. நலன் பேணும் அதிகாரி றோலண்டுக்கும் வேறு வேலையில்லை. ஆகவே உதயத்தை யாராலும் தடுக்க முடியவில்லை.

மரியநாயகிக்கு இதில் ரொம்ப சந்தோஷம். வயதாகிவிட்டதென்று தோட்டத்து வேலைப் பதிவில் அவள் பேரை வெட்டிவிட்டார்கள். கொழுந்துக்கூடையை இறக்கிவைத்த பிறகும் முழங்கால் வலி மட்டும் அவளோடேயே இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோடியில் இருந்த தண்ணீர்க் குழாய் போன மழைக்கு உடைந்தது. அன்றிலிருந்து லயமே பள்ளத்தில் ஊற்றுநீர் கொட்டும் பீலிக்குத்தான் இறங்கி ஏறுகிறது. மருமகள் றோசலின் அந்திக்கு ஒரு குடம் கொண்டுவருவாள். பகல் தண்ணீருக்குக் கிழவிதான், படிக்குப் படி மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் சபை கூடியது. முதியோர் தம் குறைகளைத் தயங்காது தெரிவிக்கலாம் என்று றோலண்ட் அறிவித்தார். மரியநாயகி தயங்காமல் எழுந்தாள்.

"ஐயா, லயத்துக் கொழாய சரிபண்ணிக் குடுத்தா புண்ணியமாப் போவுங்க. பீலிக்கு எறங்கி ஏற முடியலீங்க."

"தினமும் இறங்குகிறீர்களா?"

"ஆமாங்க."

"பாரத்தோடு ஏறுகிறீர்களா?"

"கொடத்தோடதாங்க."

றோலண்டின் முகம் மலர்ந்தது. முதுமைக்கு நடையே மருந்து என்று கொழும்பில் ஒரு டாக்டர் பேசியதை அவர் அண்மையில்தான் கேட்டிருந்தார். அங்கே பெரிய மனிதர்களெல்லாம் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து மாட்டி, காரில் கடற்கரைக்குப் போய், நடந்துவிட்டுக் காரிலேயே திரும்புகிறார்களாம்.

"அவர்கள் பெற்றோல் செலவழித்துத் தேடும் பாக்கியம் உங்கள் வாசலிலேயே இருக்கிறது. குழாயைத் திருத்தினால் உங்கள் ஆயுள் என்னாவது?"

"ஆயுசு கெடக்கட்டுங்க. முழங்கா வலிக்குது."

"வலிக்கிறதென்றால் நடை போதவில்லை என்று அர்த்தம்."

"அப்ப ரெண்டு கொடமாத் தூக்கச் சொல்லுங்க" என்று பின்வரிசை வாங்கிலிருந்து பொன்னையாக் கிழவன் முனகினான். அன்னாரின் ஆலோசனை நன்றியுடன் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பீலிக்கு இறங்கும் படிகளுக்கு முதியோர் தேகாரோக்கியப் பாதை என்று பெயர் சூட்டித் திறப்பு விழா நடந்தது. தோரணம், நாதஸ்வரம், பட்டு ரிப்பன் எல்லாம் இருந்தன. இளையோர் பீலிக்கு இறங்குவது முதியோரின் ஆரோக்கியத்தை அபகரிப்பதாகும். ஆகவே இனிமேல் தண்ணீர் எடுக்கும் உரிமை முதியோருக்கே என்று றோலண்ட் பிரகடனம் செய்தார். கை தட்டியவர்களில் றோசலின்தான் முந்தி. மரியநாயகிக்குச் செவ்வந்தி மாலை போட்டார்கள். மாலை விழுந்ததும் அவள் கோபம் எங்கே போனதோ, அவளும் தட்டினாள்.

மறுநாள் காலை றோசலின் இரண்டு குடங்களை வாசலில் வைத்தாள். "ஒங்க ஒடம்புக்குத்தான் அத்த."

கொஞ்ச நாள் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு கிழடுகளெல்லாம் ஒன்றாகப் படுத்துவிட்டன.

"ஆரோக்கியம் நெறஞ்சிருச்சு. இதுக்கு மேல தாங்காது" என்று மரியநாயகி கம்பளிக்குள்ளிருந்து சொல்லியனுப்பினாள்.

லயத்தில் உலை ஏறவில்லை. பார்வையிட வந்த றோலண்டுக்குத் தேத்தண்ணி கொடுக்கவும் வழியில்லை. முன்மாதிரி காட்டுவதற்காக அவரே கன்வஸ் சப்பாத்தோடு பீலிக்கு இறங்கினார். திரும்பி வரும்போது அவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்த வாரமே குழாய் சரியாயிற்று. மரியநாயகி கம்பளியை உதறிவிட்டுக் குடத்தோடு போனாள். குழாய்க்கு மேலே புதுப் பலகை ஒன்று பளபளத்தது. றோசலின் தன் குடத்தைக் குழாயடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னா புள்ள போட்டிருக்கு?"

றோசலின் வாசித்தாள். "முதியோர் இக்குழாயில் நீர் பிடித்தல் அவர்தம் தேகாரோக்கியத்துக்குக் கேடாகையால் தடைசெய்யப்பட்டுள்ளது."

"அப்ப நானு?"

"நீங்க எப்பவும்போல பீலிக்கே போங்க அத்த. ஐயா ஒங்க நல்லதுக்குத்தானே போட்டிருக்காரு."

மரியநாயகிக்கு அழுகை வந்தது. அழவில்லை.

"எந்த வயசுலேருந்துன்னு போட்டிருக்கா?"

"அம்பத்தஞ்சுலேருந்து."

"பலகை நல்ல பலாப்பலகை புள்ள, லேசுல உக்கிப் போவாது" என்று கிழவி குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "ஒனக்கு வயசு வர்ற வரைக்கும் இங்கயேதான் இருக்கும். அதுக்குள்ள ஆசைதீரப் புடிச்சிக்க."

அவள் படி இறங்கினாள். றோசலின் பலகையைப் பார்த்தபடி நின்றாள். குடம் நிரம்பித் தண்ணீர் அவள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.