அடி படாத டிரம்

வாசகரே, டிரம் வாசிப்பவர்கள் ஓர் இனம். டிரம்முக்குச் சுருதி கூட்டுபவர்கள் முற்றிலும் வேறு இனம். முன்னவரால் தெருவுக்கே தொல்லைதான். ஆனால் வாசித்துக் களைத்தால் ஓய்ந்துவிடுவார். பின்னவர் ஓய்வதில்லை. இன்னும் தொடங்கவே இல்லையே, எப்படி ஓய்வார்?

நம் சாவியாரைப் பாருங்கள். டிரம்மின் திருகுகளை முடுக்கும் சின்னச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பதால் வந்த பெயர். குளிக்கும்போதும் கழற்றமாட்டார். பின்னறையைப் பாட்டுப் பதியும் கூடமாக்கியிருக்கிறார்: ஜன்னலில் மெத்தை, கதவில் பழைய கோட்டு, சுவரெங்கும் போர்வை. வீட்டுப் போர்வைகளெல்லாம் சுவருக்குப் போய்விட்டதால் அவரும் மனைவியும் ஜன்னல் திரையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். ஆவி பட்டால் டிரம்மின் தோல் தளர்ந்துவிடும் என்பதால் அந்த வீட்டுக்கு டீ பக்கத்து வீட்டில் கொதிக்கிறது. தும்மல் வந்தவர் வாசலுக்கு ஓட வேண்டும். அடியில் கம்பி கட்டிய சிறிய டிரம் ஒன்று உண்டு. யாராவது குரலை உயர்த்தினால் அதுவும் கூடவே 'ஸ்ர்ர்ர்' என்று முணுமுணுக்கும்.

"நான் ஒண்ணு சொன்னா அது ஒண்ணு சொல்லுது. ஒரு வீட்டுல எனக்கு எதிர்ப்பேச்சுப் பேச நீங்க ஒருத்தர் போதாதா?" என்பார் மனைவி.

ஸ்ர்ர்ர், என்னும் டிரம்.

அன்று மனைவியின் தம்பி பெட்டியோடு வந்து நின்றான். வெல்டிங் வேலைக்குக் கடல் கடந்து போகிறான்; சாயங்காலம் டாக்ஸி. அவனுடைய சின்னப் பெண், அப்பா பாடிக்கொண்டே முதுகில் தட்டினால்தான் தூங்குவாள். வெறும் பாட்டைக் கேட்டால் விழித்துக்கொண்டு கூடவே பாடுவாள். அதனால் பாட்டோடு தட்டும் சேர்ந்து பதிவாக வேண்டும்.

"அத்தான், ஒரே பாட்டு. கூடவே மெதுவா நாலு தட்டு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? மாப்ளே, தட்டுறது கடைசி வேலை. அதுக்கு முன்னாடிதான் வேலையே இருக்கு."

சாவியார் குனிந்தார். ஒரு திருகின் அருகே விரல்நுனியால் தொட்டுக் கேட்டு, சாவியை மயிரிழை திருப்பி, அதற்கு நேர் எதிர்த் திருகுக்குப் போய் அங்கே தொட்டுக் கேட்டு, அங்கே திருப்பியதால் இங்கே கெட்டுப்போனதைக் கண்டுபிடித்து, திரும்பி வந்து, மறுபடி போய், ஃபிரிஜ் உறுமுகிறது என்று அதை அணைத்து, பால் திரிந்தது என்று மனைவி சொன்னபோது பாலுக்குச் சுருதி இல்லை என்று விளக்கி, கடைசியில் சுவர்க் கடிகாரத்தின் பாட்டரியையும் பிடுங்கினார்.

"கடிகாரத்தை நிறுத்தினா டாக்ஸி நின்னுடுமா?" என்றார் மனைவி.

ஸ்ர்ர்ர்.

ஒரு வழியாகச் சாவியார் நிமிர்ந்தார். கண்ணில் நீர். "ஆச்சு! எங்கே தொட்டாலும் ஒரே குரல்! இந்த டிரம் பிறந்ததிலிருந்து இப்படி இருந்ததில்லை!"

மச்சினன் பாய்ந்து குச்சியை எடுத்தான். சாவியார் டிரம் மீது குப்புற விழுந்து கட்டிக்கொண்டார்.

"என்னடா பண்றே?"

"தட்டப் போறேன் அத்தான்."

"தட்டினா சுருதி இறங்கிடுமேடா!"

வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது.

மனைவி எழுந்தார். தம்பியின் பெட்டியை முன்னறையில் படுக்கப் போட்டு, கைப்பேசியை ஸ்டூலில் வைத்து, "நீ பாடுடா" என்று உட்கார்ந்து பெட்டி மேல் தட்டத் தொடங்கினார். துணி திணித்த பெட்டி. தொம்... தொம்... பிள்ளை முதுகில் தட்டுகிற அதே சத்தம். அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். டாக்ஸிக்காரர் கூட ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

கடைசி அடி. சாவியாரால் தாங்க முடியவில்லை. ஓடிவந்து பெட்டியில் காதை வைத்து அலறினார்: "நிறுத்துங்க! பூட்டுப் பக்கம் சுருதி இறங்கியிருக்கு! ரெண்டு சட்டையை வெளியே எடுத்தா சரியாயிடும்!"

ஜிப்பில் கை வைத்தவரை மனைவி பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துதான் தடுத்தார். மறுபடி பதிய நேரமில்லை. பெட்டி போய்விட்டது.

குழந்தையின் அம்மா அந்த அலறலை வெட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தாள். குழந்தை கொட்டக் கொட்ட விழித்திருந்தது. முழுதாகப் போட்டாள். 'ரெண்டு சட்டையை' என்னும் இடத்தில் கண் சொருகி, 'சரியாயிடும்' என்றதும் தூங்கிப்போனது. இன்று வரை அப்படித்தான்.

செய்தி கேட்டுச் சாவியார் நெகிழவில்லை, பதறினார். "ஐயோ, என் குரல் ஒரு மயிரிழை ஏறியிருந்ததே! அவனைத் திரும்பி வரச் சொல்லுங்க, சுத்தமாப் பதிஞ்சுடலாம்!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க உட்காருமுன் நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்தி, விளக்கைத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை மூன்றாம் தடவை துடைத்து, மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தீர்களே, அப்போது பக்கத்து அறையிலிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்களே, அவர்களுக்குப் பதில் சொன்னீர்களா? எதற்கும் கழுத்தை ஒரு தரம் தடவிப் பாருங்கள். கயிறு ஏதாவது தட்டுப்படுகிறதா?