நாட்டுடைமையான நடுத்துண்டு

சகலையோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட எந்த ஆண்பிள்ளையாவது தனக்குப் பொறாமையே கிடையாது என்று சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு உண்டு. அதுவும் சாதாரணப் பொறாமை இல்லை, அடுத்தவன் இலையில் விழுந்த மீன் துண்டின் கனத்தை ஓரக்கண்ணாலேயே எடைபோடுகிற பொறாமை. பல வருடமாக அதை யாருக்கும் தெரியாமல்தான் வளர்த்து வந்தேன். ஊர் சிரிக்க அது வெளியே வந்தது ஒரே ஒரு தடவை, ஒரு புத்தகத்தால்.

என் மாமனார் ஏரல் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கல்லாவில் உட்கார்ந்துகொண்டே கதைப் புத்தகம் படிப்பார். சருவச்சட்டி வாங்க வந்தவர்கள் அவர் அத்தியாயத்தை முடிக்கும்வரை நின்று வாங்கிப் போவார்களாம். கண்ணில் நீர் அழுத்தம் வந்து பார்வை மங்கியபோது கடையை விட்டதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. படிக்க முடியாமல் போனதுதான் ஆளை முடக்கிப் போட்டது.

மூத்த மாப்பிள்ளை நான் சும்மா இருப்பேனா? தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்கப் பேப்பர்களை முடித்துக் கொடுக்கிற அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர், செல்போன் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்று ஒரு நினைப்பு. மாமாவின் போனில் ஒரு பெரிய கம்பெனியின் ஆப்பை ஏற்றி, ஒரு பழைய ராஜா ராணி நாவலை ஒலிப்புத்தகமாகப் போட்டுக் கொடுத்தேன். மாமா வாலிப வயதில் அதை முக்கால்வாசி படித்திருந்தபோது யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லையாம். நாற்பது வருடமாக முடிவு தெரியாமல் இருந்தவர் அவர்.

"வாங்கியாச்சு மாமா. இனி இது ஒங்க சொத்து" என்றேன். (சொத்தாம்! பத்திரம் பதிந்து கொடுத்தவன் மாதிரி.)

அடுத்த இரண்டு மாதம் அந்த வீட்டில் நான்தான் ராஜா. எங்கள் பக்கம் ஒரு மாப்பிள்ளையின் மதிப்பை அறிய ஜாதகம் எல்லாம் பார்க்க வேண்டாம், சீலா மீன் குழம்பில் நடுத்துண்டு யாருக்குப் போகிறது என்று பார்த்தால் போதும். அத்தை அதை எனக்குத்தான் வைத்தார். சகலைக்கு வால் துண்டு. எனக்கு அந்த வால் துண்டைப் பார்க்கப் பார்க்கச் சோறு கூடுதலாக இறங்கும்.

அப்புறம் ஒருநாள் கதை நின்றுவிட்டது. மந்திரி பாலில் விஷத்தைக் கலந்து இளவரசன் கையில் கொடுக்கிற இடம். இளவரசன் கிண்ணத்தை உதட்டருகே கொண்டு போகிறான், அத்தோடு சரி. நான் போட்டிருந்தது மாதச் சந்தா. என் வங்கி அட்டை காலாவதியானதும் அதுவும் தீர்ந்துவிட்டது. புது அட்டையைப் பதிந்து பார்த்தால், அந்தப் புத்தகத்தையே சந்தாக்காரர்களுக்கான பட்டியலிலிருந்து எடுத்திருந்தார்கள். எல்லாம் முதல் நாளே எழுதிக் காட்டியதுதான். நான்தான் படிக்காமல் 'சம்மதம்' என்று அமுக்கியிருக்கிறேன். (ஊரார் பேப்பரை எல்லாம் வரிவரியாகப் படிக்கிறவன்.)

"வாங்குனதுன்னு சொன்னீயளே, மாப்ள?" என்று மட்டும் மாமா கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

இந்த இடத்தில்தான் சகலை முருகேசன் உள்ளே வருகிறான். புதுக்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார் (புதுக்கோட்டை என்றால் எங்கள் புதுக்கோட்டை, திருநெல்வேலி ரோட்டில் இருக்கிறதே அது). வயதில் எனக்கு இளையவன், நல்லவன். அவனிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் இந்த நல்லவன் என்பதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பெரிய பெரிய பொத்தான் வைத்த ஒரு சின்னப் பாட்டுப்பெட்டியோடு வந்தான். அதில் ஒரு பென் டிரைவைச் செருகி ஒரு பொத்தானை அமுக்கச் சொன்னான். மாமா தடவிப் பார்த்து அமுக்கினார். இளவரசன் விஷக் கிண்ணத்தைத் தட்டிவிட்டான்.

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு வயிறு எரிந்தது.

எல்லாவற்றுக்கும் பெரிய கடையையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை என்று முருகேசன் விளக்கினான். பழைய புத்தகங்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவச மின்னூலாகப் போடுகிறார்களாம். சிலர் வாய்விட்டு வாசித்துப் பதிவுசெய்தும் போடுகிறார்களாம். புதிய புத்தகம் வேண்டுமென்றால் சின்னப் பதிப்பகங்களிடமும், சில எழுத்தாளர்களிடமும் நேரடியாகவே கோப்பை வாங்கலாமாம். அதற்குப் பூட்டு கிடையாது, ஒரு தடவை வாங்கினால் வாங்கினதுதான். 'வாங்கினதுதான்' என்று அவன் சொன்னபோது மாமா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அன்றைக்கு நடுத்துண்டு முருகேசன் இலைக்குப் போனது. என் இலையில் வால். என் மனைவி செல்வி அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். (சொந்த மனைவி!)

அதிலிருந்து ஞாயிறுதோறும் சாயங்காலம் கடைத்தெருக்காரர்கள் நாலைந்து பேர் மாமா வீட்டுக்குக் கதை கேட்க வந்தார்கள். கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சங்கரலிங்கம் அண்ணாச்சியும் அதில் ஒருவர். எல்லார் வாயிலும் சின்ன மாப்பிள்ளை பேச்சுதான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு குற்றம் தேடினேன். ஒருநாள் கிடைத்தது.

அதே நாவலின் மின்னூலையும் முருகேசன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். அலுவலகத்தில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது: 'நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்.'

எனக்குச் சந்தோஷத்தில் மூச்சே நின்றுவிட்டது. இருபது வருடமாக என் பிழைப்பே இதுதானே? பேப்பர் சரியில்லாத சரக்கைச் சுங்கத்தில் பிடித்தால், அது அரசாங்க உடைமை. அப்படி ஒரு கன்டெய்னர் கொட்டைப்பாக்கு போனதை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆக, இந்தப் புத்தகத்தை அரசாங்கம் பறிமுதல் செய்திருக்கிறது. இவன் பேப்பர் இல்லாமல் அதை வெளியே எடுத்து, மாமனார் வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறான்! அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் எங்கே வேறு அர்த்தம் வந்துவிடுமோ என்று கேட்கவில்லை.

கடைசி அத்தியாயம் ஓட வேண்டிய ஞாயிற்றுக்கிழமை அது. விஷம் வைக்கச் சொன்ன உண்மையான துரோகி யார் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். மாமா சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மத்தியானமே பென் டிரைவை என் மடிக்கணினியில் செருகி, உள்ளே இருந்ததை ஒன்றுவிடாமல் அழித்திருந்தேன். எல்லாரும் கூடியதும் எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன். அந்தக் கதை இனி இந்த வீட்டில் ஓடாது, அது அரசாங்கம் பறிமுதல் செய்த சரக்கு, வயசான மனுஷர் வீட்டில் அதை வைத்திருந்தால் நாளைக்குப் பதில் சொல்வது யார் என்று, கொட்டைப்பாக்கு உதாரணத்தோடு கால் மணி நேரம் பேசினேன்.

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆதாரம் பலமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சங்கரலிங்கம் அண்ணாச்சிதான் மெதுவாகக் கேட்டார். "மாப்ள, நாட்டுடைமைன்னா பறிமுதல்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும் அண்ணாச்சி? தெனமும் நான் பாக்குத வேலையே அதானே."

"அது வேற, இது வேற. எழுதுனவரு குடும்பத்துக்கு ஒரு தொகையக் குடுத்துட்டு, இனி யாரு வேணும்னாலும் அச்சடிக்கலாம், படிக்கலாம், வாசிச்சுப் பதியலாம்னு அரசாங்கம் பொதுவுல விட்டது. கன்டெய்னர உள்ள வச்சுப் பூட்டல மாப்ள, தெறந்து வுட்டுருக்கு."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கடைசிவரை சிரித்தது செல்வி. அத்தை அடுக்களையிலிருந்து வந்து என்ன என்று கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். முருகேசன் சிரிக்கவில்லை. என்னையும் அண்ணாச்சி என்றே கூப்பிடுகிறவன் அவன். "அண்ணாச்சி நம்ம நல்லதுக்குத்தானே செஞ்சாவ" என்றான். படுபாவி, அதிலும் நல்ல பெயர் வாங்கிவிட்டான்.

சிரிக்காத இன்னொருவர் மாமா. பெட்டியின் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். சத்தம் இல்லை. மறுபடி அமுக்கினார். எனக்குப் பொறாமை, வீராப்பு எல்லாம் அந்த நிமிஷத்தில் வடிந்துவிட்டது. நாற்பது வருடம் காத்திருந்த மனுஷருக்குக் கடைசிக் கால் மணி நேரத்தை நான் அழித்துவிட்டேன்.

வீட்டில் இன்னொரு பிரதி இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றான் முருகேசன். மாமா தலையாட்டவில்லை. "எழுத்தா இருக்குத புஸ்தகம் மூத்த மாப்ள போன்ல இருக்குல்லா? அவியளே வாசிக்கட்டும்" என்றார்.

வாசித்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் வாய்விட்டு வாசித்தது சரக்குப் பட்டியல்தான். அந்தக் குரலிலேயே பட்டாபிஷேகம் நடந்தது. 'இளவரசன் வருகிறான்' என்று எழுதியிருந்ததை 'இளவரசன் வாரான்' என்று வாசித்தேன். முருகேசன் பக்கத்தில் உட்கார்ந்து, 'அடுத்த பக்கம் அண்ணாச்சி' என்று எனக்குப் பக்கம் தள்ளிக் கொடுத்தான். துரோகி யார் என்கிற முடிச்சை அவிழ்க்கிற பாராவுக்கு வந்ததும், அடுத்த வரியை என் கண் முன்கூட்டியே பார்த்துவிட்டதால் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன்.

"கேக்கல மாப்ள, சத்தமா" என்றார் சங்கரலிங்கம் அண்ணாச்சி.

சத்தமாகவே வாசித்தேன். விஷம் வைக்கச் சொன்னது மந்திரி இல்லை. இளைய மருமகனான இளவரசன் மேல் பொறாமை பிடித்த, ராஜாவின் மூத்த மருமகன்.

இந்தத் தடவை மாமாவும் சிரித்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "நாப்பது வருசமா நான் மந்திரியச் சந்தேகப்பட்டுட்டேனே" என்றார்.

நான் வாசித்ததை முருகேசன் தன் போனில் பதிவுசெய்திருக்கிறான். என்னிடம் கேட்டுவிட்டுத்தான், தன்னார்வலர்கள் தளம் ஒன்றில் அதைப் போட்டான். இதுவரை அதற்கு ஒரே ஒரு கருத்துதான் வந்திருக்கிறது: 'இடையில் ஒருவர் "அடுத்த பக்கம் அண்ணாச்சி" என்கிறாரே, அவர் குரல் அருமை. அவரே முழுவதும் வாசித்திருக்கலாம்.'

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் மாமாவுக்கு நான்தான் வாசிக்கிறேன். அத்தை மனமிரங்கி நடுத்துண்டை மறுபடி எனக்கே வைக்கிறார். ஆனால் நான் கை வைப்பதற்குள் முருகேசனின் மகள் வந்துவிடுவாள். இதெல்லாம் நடந்தபோது தொட்டிலில் கிடந்தவள். துண்டைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டு, வீடே கேட்கிற மாதிரிச் சொல்வாள்:

"பெரியப்பா, இது நாட்டுடைமை."