சில்லுப் பூட்டிய கக்கூசு

பிள்ளைகளே, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு யார் வந்தாலும் உங்கள் அம்மா, "எந்தக் கக்கூசிலை வெளுத்தது?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பதும், நான் உடனே மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவதும் (எங்களிடம் மாடே இல்லாத வருடங்களிலும்) உங்களுக்குத் தெரியும். காரணம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டீர்கள். இப்போது எழுதி வைக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டு வாசிக்க வேண்டாம்.

அப்போது எனக்குக் கலியாணம் ஆகவில்லை. உடுப்பிட்டியில் தோட்டங்களுக்கு நீர் இறைக்கிற பம்புகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். சண்டை நாட்களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் நின்றது. மண்ணெண்ணெய் இல்லாமல் பம்பு ஓடாது. ஓடாத பம்பு பழுதாவதும் இல்லை. இப்படிச் சும்மா இருந்த என்னை ஒரு வெள்ளைக்கார டொக்டர் அம்மா வேலைக்கு எடுத்தார். ஊர் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்ய வந்தவர். அவர் குடியிருந்தது, லொறிக்குப் பின்னால் கொளுவி உருட்டிக்கொண்டு போகிற, சில்லுப் பூட்டிய ஒரு வீட்டில். கப்பலில் வந்த அதை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தென்னங்காணிக்குள் நிறுத்தியிருந்தார்கள். கட்டில், அடுப்பு, அலுமாரி எல்லாம் அதற்குள்ளேயே. அடுப்படியில் நின்று கையை நீட்டினால் ஒரு கதவு தட்டுப்படும். கதவுக்குப் பின்னால் கக்கூசு!

எங்கள் ஊரில் கக்கூசு வளவின் பின் மூலையில் இருக்கும். கிணற்றுக்கும் சமைக்கிற குசினிக்கும் எவ்வளவு தள்ளி வைக்கலாமோ அவ்வளவு தள்ளி. மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு போவோமே தவிர, அதைக் கிட்டக் கொண்டுவர நினைக்க மாட்டோம். ஆகவே எனக்கு ஒரே யோசனை. இதற்குள் போவது எங்கே போகிறது?

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்து பார்த்தேன். கட்டிலுக்கு நேர் கீழே ஒரு கறுத்த தொட்டி. அதன் வாயில் ஒரு வால்வு. அவ்வளவுதான். எங்கேயும் போகவில்லை!

டொக்டர் அம்மா எனக்கு விளங்குகிற இங்கிலீசில் ஆறுதலாக ஒவ்வொன்றாய்ச் சொல்லித் தந்தார். வால்வைப் பூட்டியே வைத்திருக்க வேண்டும். வெறும் தொட்டிக்குள் முதலில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு குவளை நீல மருந்தும் விட வேண்டும். நிறைந்ததும் சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அப்போது வால்வைத் திறந்தால் எல்லாம் ஒரே வீச்சில் வெளியே போய்விடும்.

விளங்கியது. மனம்தான் ஒப்பவில்லை. ஒரு பெரிய டொக்டர், நாளெல்லாம் நோயாளிகளைப் பார்த்துக் களைத்து வந்து, அதுக்கு மேலேயா படுப்பது? காணியின் கோடியில் ஒரு கிடங்கு வெட்டி, அதுவரை தடித்த றப்பர் குழாய் இழுத்து, வால்வை முழுதாகத் திறந்து விட்டேன். பெரிய புண்ணியம் செய்ததாக நினைப்பு.

நீல மருந்து முடிந்தது. தடை காலத்தில் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரமே கிடைக்காது, கக்கூசு மருந்துக்கு எங்கே போவது? நிறமாவது இருக்கட்டும் என்று, வேட்டிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து ஊற்றினேன். பிறகு சிவப்பு விளக்கு எரிந்தது. வால்வு திறந்திருக்கிற தொட்டி எப்படி நிறையும்? விளக்குத்தான் பொய் சொல்கிறது என்று தீர்மானித்து வயரைக் கழற்றி விட்டேன்.

இந்த நேரத்தில்தான் கரவெட்டியில் எனக்குப் பெண் பேசினார்கள். "பொடியன் வெள்ளைக்காரரிட்டை எஞ்சின் பகுதி" என்று தரகர் அளந்திருந்தார். அந்த எஞ்சின் பகுதியைக் கண்ணால் பார்க்க, பெண்ணின் தகப்பன், அதாவது உங்கள் அம்மப்பா, ஒருநாள் சைக்கிளில் வந்து இறங்கினார். புகையிலைத் தோட்டக்காரர். அன்று பால் போல வேட்டி. என் வாழ்க்கை அந்த மனிசன் தலையாட்டுவதில்தான் இருந்தது.

டொக்டர் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். நானே வண்டியைச் சுற்றிக் காட்டினேன். கட்டிலையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டு வந்தவர் அந்தக் கதவடியில் நின்றுவிட்டார்.

"தம்பி, உதுக்கை போறது எங்கை போகுது?"

நான் கேட்ட அதே கேள்வி! எனக்கு உசார் வந்துவிட்டது. "காட்டுறன் ஐயா" என்று ஒரு வாளி தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் நீல நிறமாக விளிம்புவரை வந்து நின்று, எங்கள் இருவரையும் பார்த்தது.

"போகேல்லைப் போலை கிடக்கு."

"சின்ன அடைப்பு ஐயா. ஒரு நிமிசம்."

பம்புக்காரன் புத்தி பம்பைத்தான் தேடும். குழாய் அடைத்தால் பின்பக்கத்தால் தண்ணீர் அடித்துத் தள்ளுவது எங்கள் தொழில் முறை. கிணற்றடியில் சும்மா கிடந்த ஆஸ்பத்திரிப் பம்புக்குள், அன்று காலை கூப்பனுக்குக் கிடைத்த அரைப் போத்தல் மண்ணெண்ணெயை ஊற்றினேன். (எங்கள் வீட்டு விளக்குக்கு வாங்கியது. அந்தக் கிழமை முழுக்க ஆச்சியிடம் இருட்டில் ஏச்சு வாங்கினேன்.) கிடங்குக்குப் போகிற குழாயைக் கழற்றிவிட்டு, பம்பின் குழாயை வால்வின் வாயில் இறுக்கிக் கட்டினேன்.

"ஐயா, உள்ளை நிண்டு பாருங்கோ! தண்ணி இறங்கினா ஒரு சத்தம் குடுங்கோ!"

"ஓம், ஓம். நான் பாக்கிறன். நீர் அடியும்!"

இயந்திரம் இருமி இருமிக் கிளம்பியது. குழாய் விறைத்தது. வண்டி ஒருதரம் குலுங்கியது. பிறகு உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஆனால் நான் கேட்ட சத்தம் அல்ல.

"ஐயோ! நிப்பாட்டும்! எட தம்பி, நிப்பாட்டடா!"

'நீர்' போய் 'டா' வந்தபோதே என் கலியாணம் முடிந்தது என்று விளங்கிவிட்டது.

அவர் படியில் இறங்கினார். மூக்குக் கண்ணாடி நீலம். மீசை நீலம். பால் போன்ற வேட்டி, நீலம் மட்டும் என்று எழுதினால் நான் பொய்யன்.

சத்தத்துக்கு ஓடிவந்த டொக்டர் அம்மா அவரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், குனிந்து வால்வைப் பார்த்தார். "திறந்தா வைத்திருந்தாய்?" என்று மட்டும் கேட்டார். தண்ணீர் தனியே ஓடிவிட, மிச்சமெல்லாம் உள்ளே கறையான் புற்றுப் போல வளர்ந்திருக்கும் என்று விளக்கினார். விளக்குச் சொன்னது உண்மை. நான் புற்றுக்குள் பம்படித்திருக்கிறேன்.

கிணற்றடியில் நான் அள்ளி அள்ளி ஊற்ற, ஐயா கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருந்தார். மீசையைப் பிழிந்துவிட்டுக் கேட்டார்.

"அந்த மனிசி பூட்டச் சொன்னதோ?"

"ஓம் ஐயா."

"பிறகேன் திறந்தனீர்?"

"படுக்கிற இடத்துக்குக் கீழை உதைச் சேத்து வைக்க மனம் வரேல்லை ஐயா."

இன்னும் ஒரு வாளி ஊற்றினேன். முகத்தை வழித்துவிட்டு அவர் சொன்னார்: "எனக்கும் வந்திராது."

என்னுடைய மாற்றுச் சாரத்தைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். "வேட்டியை வெளுத்துக்கொண்டு வாரும். மிச்சத்தை அப்ப கதைப்பம்."

சவர்க்காரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் வேட்டி வெளுத்துக் கலியாணம் செய்யப் புறப்பட்டவன் நான் ஒருவன்தான். பகலெல்லாம் தொட்டிக்குள் தண்ணீர் விட்டுப் புற்றை ஊறவைத்துக் கரைத்து வெளியேற்றினேன். பின்னேரங்களில் வேட்டியைச் சாம்பல் தண்ணீரில் அவித்தேன், தேசிக்காய்ப் புளி பிழிந்து தேய்த்தேன், கல்லில் அடித்தேன். கடைசியில் பார்த்தால், முன்னைவிட வெள்ளை! நீலம் தன் வேலையைச் செய்திருந்தது.

கரவெட்டிக்குக் கொண்டுபோனேன். ஐயா வேட்டியை வெயிலில் விரித்துப் பார்த்தார். மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "பிள்ளை, தம்பிக்குத் தேத்தண்ணி கொண்டு வா" என்றார்.

தேத்தண்ணீரோடு வந்த உங்கள் அம்மா, வேட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னிடம் பேசிய முதல் வார்த்தை எது என்று இனி நான் எழுதத் தேவையில்லை.

அன்று பின்னேரம் தென்னங்காணிக்குத் திரும்பினேன். டொக்டர் அம்மா ஆஸ்பத்திரியில். வண்டிக்கு அடியில் புகுந்து வால்வைப் பூட்டி, இறுகியிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்த்தேன். உள்ளே போய்த் தொட்டிக்குள் ஒரு வாளி தண்ணீர் விட்டேன். கழற்றிய வயரைத் திரும்பப் பூட்டினேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. அது எரியாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.