பறவைகள் பக்கத்து மனைக்குப் போனது குறித்து

அன்பும் அறிவும் பல்லைப் பிடுங்கும் கையும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மனைவியின் சின்ன அண்ணன் எழுதிக்கொள்வது.

பறவைகள் வந்துவிட்டன. நம்மிடத்துக்கு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், என் அண்ணனுடைய மீன்தூள் ஆலைக் கழிவுக் குட்டையில் இறங்கிவிட்டன. விஷயம் இவ்வளவுதான். மீதி எல்லாம் என் வயிற்றெரிச்சல். அதைக் கீழே காணலாம். நான் இங்கே நலம் என்று எழுதுவது வழக்கம். பொய் எழுதி மையை வீணாக்க விரும்பவில்லை. உங்கள் நலத்தையும் தங்கையின் நலத்தையும் கடிதத்தின் கடைசியில் விசாரிக்கிறேன், அதற்குள் மனசு ஆறினால்.

சென்ற ஆண்டு இதே பருவத்தில் நீங்கள் என் கிடங்கின் மொட்டைமாடியில் மூன்று கால் வைத்த தொலைநோக்கியை நிறுத்திக்கொண்டு, சாப்பாட்டுக்குக்கூட இறங்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கும். கீழே நங்கூரக் கயிற்றைச் சுருள் போட்டுக்கொண்டிருந்த நான், பாவம் பசிக்குமே என்று தட்டோடு மேலே வந்தேன். தட்டை வாங்காமல், "வடக்க குளிர் ஆரம்பிச்சதும் கரையோரமாவே இறங்கி வருதுங்க மச்சான். வாத்து, ஆலா, கடற்புறா, உள்ளான், எல்லாம். இந்த முகத்துவாரத்துல உக்காந்து தின்னு தேறிட்டுத்தான் மேல போகுதுங்க. இதைப் பார்க்க ஆளுங்க எங்கெங்கயோ இருந்து வருவாங்க" என்றீர்கள். நீங்கள் பறவையைப் பற்றிச் சொன்னீர்கள். என் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும். ஆள் வரும் என்று சொன்னால் என் போன்றவனுக்குத் தூக்கம் வராது. தோளில் கயிற்றுச் சுருளைச் சுமந்து படகு படகாக ஏறி இறங்கி விற்று, அப்புறம் சந்தைமுனையில் நாலு பேர் பொறாமைப்படும்படி கடை பிடித்தவன் நான். அந்தக் கடையை விற்றேன் மாப்பிள்ளை. விற்று, கிடங்கின் மேல் கடலைப் பார்த்த நான்கு அறைகள் எழுப்பினேன். இன்றைக்குத் திரும்பிப் போய் உட்கார எனக்குக் கடை கிடையாது. அந்த இடத்தில் எவனோ கைப்பேசிக்கு உறை விற்கிறான். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் நான் கத்தும்போது மச்சான் எதற்குக் கத்துகிறார் என்று நீங்கள் யோசிக்க வேண்டியிருக்காது.

வியாபாரத்தில் முதல் பாடம் கடை முகப்பு. உள்ளே சரக்கு எப்படி இருந்தாலும் வாசல் பளிச்சென்று இருக்க வேண்டும். என் கிடங்குக்கு முன்னால் இருந்தது என்ன? கருஞ்சேறு. தண்ணீர் இறங்கினால் நண்டுப் பொந்து, புழு, அழுகின பாசி, செத்த சிப்பி. இதைப் பார்க்கவா ஒருவன் அறை எடுப்பான்? வாரி எடுத்தேன். லாரி லாரியாக வெள்ளை மணல் கொட்டினேன். நாணலை வெட்டினேன், ஓரத்துக்குக் கல் பதித்தேன், நடைபாதை போட்டேன், பெஞ்சு போட்டேன், வரிசையாக விளக்கு நட்டேன். கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. நீங்கள் வந்து பார்த்து, தாடையைத் தடவிக்கொண்டு, "அப்படியே விட்டிருக்கலாம் மச்சான்" என்றீர்கள். அதையும் எவ்வளவு மெதுவாக! நீங்கள் ஊசி போட்டு வாய் மரத்துப்போன நோயாளிகூட இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசுவார். வியாபாரியிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் சட்டையைப் பிடித்துச் சொல்ல வேண்டாமா? நான் அதை உங்கள் சிக்கன புத்தி என்று நினைத்து, வெள்ளை மணலில் இன்னொரு லாரிக்குச் சொல்லிவிட்டேன்.

போதாததற்கு அறிவிப்பு வேறு அடித்தேன். என் கடைக் கயிறு அறுந்தால் கேள்வி கேட்காமல் புதுக் கயிறு தருவது தோள்சுமைக் காலத்திலிருந்து என் வழக்கம். அந்தப் பழக்கத்தில் அறிவிப்பின் அடியிலும் "பறவை இல்லையேல் பணம் வாபஸ்" என்று போட்டுவிட்டேன். கயிறு நான் முறுக்கிய கயிறு. பறவையை யார் முறுக்கினார்கள் என்று அப்போது தோன்றவில்லை. அதை நம்பித்தான் உங்கள் பறவை பார்க்கும் குழு நான்கு அறைகளையும் பேசி வைத்திருக்கிறது. அதை நம்பித்தான் நானும் பருவம் முழுவதற்கும் இன்னும் பலரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இவ்வளவு செய்த பிறகு ஒரே ஒரு குறை. நாற்றம். அது அண்ணன் வீட்டு நாற்றம். அப்பாவின் மனையைப் பிரித்தபோது நடுவில் சுவர் எழுப்பி, சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதித்தவன் நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அவரும் நானும் பேசுவதில்லை. தங்கை வந்தால் ஒரு வேளைச் சாப்பாடு அங்கே, ஒரு வேளை இங்கே என்று வயிற்றைப் பங்கு போட்டுக்கொள்வது உங்களுக்குத் தெரியும். அவர் ஆலையில் மீனை வேகவைத்து அரைத்த கழிவுத் தண்ணீர் எல்லாம் பின்னால் குட்டையாய்த் தேங்கும். காற்று திரும்பினால் என் அறைத் தலையணை வரைக்கும் வரும். ஆகவே நகராட்சிக்கு ஒரு மனு எழுதினேன். பெயர் போடவில்லை. "இப்படிக்கு, பொதுமக்கள்" என்று முடித்தேன். கடை உரிமத்துக்கு நான் நடந்த நடையில் செருப்பு தேய்ந்ததே தவிர ஒரு காகிதம் நகர்ந்ததில்லை. இந்த மனுவுக்கு மட்டும் எங்கிருந்துதான் அப்படி வேகம் வந்ததோ! சுகாதார ஆய்வாளர் வந்தார், மூக்கில் கைக்குட்டை வைத்தார், குட்டையை மண் போட்டு மூட வேண்டும், இல்லையென்றால் நகராட்சியே மூடும் என்று உத்தரவு ஒட்டிவிட்டுப் போனார். அன்று சந்தோஷத்தில் நான் இரண்டு பங்கு சாப்பிட்டேன்.

அப்புறம்தான் காற்று மாறியது. நீங்கள் சொன்னபடியே வந்தன, ஒரு சொல் பிசகவில்லை. முதலில் வாத்துகள், அலைக்கு ஒரு முழம் மேலே, கோடு கிழித்த மாதிரி. அதற்குப் பின்னால் ஆலாக்கள், தண்ணீரில் குத்திக் குத்தி எழுந்துகொண்டு. அதற்கும் பின்னால் உள்ளான் கூட்டம், கடைக்காரன் துணியை உதறி விரிக்கிற மாதிரி ஒரே விரிப்பு. இப்படித் திரும்பினால் வெள்ளை, அப்படித் திரும்பினால் பழுப்பு. நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, திறப்புவிழாவுக்கு நிற்கிற மாதிரி மாடியில் கைகட்டி நின்றேன். என் மணலுக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றின. விலையை மட்டும் கேட்டுவிட்டு எதிர்க்கடைக்கு நடக்கிற ஆள் முகத்தில் ஒரு பார்வை இருக்குமே, அதே பார்வை. அப்படியே சுவரைத் தாண்டி, கண்ணாடிச் சில்லுக்கு மேலே, அண்ணன் குட்டையில் போய் இறங்கின. ஒன்று பாக்கியில்லாமல்.

நான் சும்மா இருப்பேனா? பிளாஸ்டிக் வாத்து வாங்கி வந்து மிதக்க விட்டேன், சொந்தக்காரர்களைப் பார்த்தால் வராமலா போகும் என்று. ஒரே ஒரு நீர்க்காகம் வந்தது. வந்து பிளாஸ்டிக் வாத்தின் தலைமேல் ஏறி நின்று இறக்கையை உலர்த்திவிட்டு, எச்சமிட்டுவிட்டு, அதுவும் அந்தப் பக்கம் போய்விட்டது. என் வீட்டுக்காரி என்ன செய்தாள் தெரியுமா? படிக்கட்டு ஜன்னலில் நின்றுகொண்டு, "என்னங்க, சீக்கிரம் வாங்களேன், உங்க அண்ணன் வீட்டுப் பக்கம் வானமே தெரியல, என்ன அழகு!" என்று கூப்பிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஜன்னலை ஆணி அடித்து மூடலாமா என்று பார்த்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இருக்கிற பறவை எல்லாம் அந்தக் குட்டையில். அந்தக் குட்டையை மூடச் சொன்னது நான். மூடினால் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை, நேராக அடுத்த ஊர்தான்.

போனேன் மாப்பிள்ளை. மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தெருவைச் சுற்றி, அந்த வாசல் வழியாகப் போனேன். அண்ணன் குட்டைக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாங்க பொதுமக்கள்! எத்தனை பேர் வந்திருக்கீங்க? நாற்காலி ஒண்ணுதான் இருக்கு."

"நான்தான்னு யார் சொன்னாங்க?" என்றேன்.

"இந்தத் தெருவுல இருக்கறதே ரெண்டு வீடுடா. நான் போடல."

அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "சில்லு கில்லு குத்தாம வந்தீங்களா தம்பி?" என்றார். அந்த அம்மாவுக்கு நாக்கு எப்பவுமே கூர்மைதான். நானும் வியாபாரியாச்சே, நேராக விஷயத்துக்கு வந்தேன். பறவைகளைக் கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்ப ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். அண்ணன் சிரித்த சிரிப்பில் நாலு வாத்து பறந்துவிட்டது.

"உன் மணல்ல என்னடா இருக்கு அதுங்களுக்கு? தட்டைக் கழுவிப் பளபளன்னு வெச்சிருக்க. சோறு என்கிட்ட இருக்கு. ராத்திரி பூரா லைட்டை வேற போட்டு வெக்கிற, எனக்கே கண்ணு கூசுது."

"அப்ப உங்க பக்கத்துலேர்ந்து என் ஆளுங்க பாக்கட்டும்."

"பாக்கட்டுமே. நீ போட்ட மனுவை நீயே அந்த ஆய்வாளர் முன்னாடி நின்னு வாபஸ் வாங்கு. சுவர் மேல பதிச்ச சில்லை உன் கையாலயே பெயர்த்து எடு. வாசல்ல பலகை வெச்சிருக்கியே, அதுல என் பேரையும் போடு."

"பேரா? முதல் போட்டது நான்!"

"பறவை என்னுது."

பறவை அவருடையதாம்! எங்கிருந்தோ வந்த வாத்து, இவர் என்னமோ முட்டை வைத்துப் பொரித்த மாதிரி! எத்தனை படகுக்காரனிடம் பேரம் பேசியிருப்பேன், சட்டையைக் கழற்றிக் கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் நான் கட்டின மாடிக்கு அவர் பெயரா? முடியாதுன்னா முடியாதுதான். தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, தயவுசெய்து உங்கள் குழுவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். கொடுத்த முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த நான்கு அறையிலும் கயிற்றுச் சுருளை அடுக்கப்போகிறேன். கடல் பார்த்த ஜன்னல் வழியாக நைலான் கயிறு காற்று வாங்கட்டும். இனி என் முன்னால் பறவை என்ற பேச்சை யாரும் எடுக்க வேண்டாம். குட்டையை மூடுவது மூடட்டும், நான் சோற்றில் மண் விழுந்தவன், அவரும் குட்டையில் மண் விழுந்தவராக இருக்கட்டும். அந்த வாசலை இந்த ஜென்மத்தில் மிதிக்க மாட்டேன். தங்கை வந்து அழுதாலும் சரி, நீங்கள் வந்து என் பல்லைத் தட்டினாலும் சரி, இது முடிந்த முடிவு.

சொன்னபடி நலம் விசாரிக்கிறேன்: நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? தங்கை எப்படி இருக்கிறாள்? அவளுடைய முழங்கால் வலிக்கு எண்ணெய் தடவுகிறாளா? எல்லாரும் நோய்நொடி இல்லாமல், நல்ல அண்டை வீட்டாரோடு, நீண்ட காலம் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
கடை இல்லாத கடைக்கார மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது மண் லாரி வந்தது. லாரிக்காரன் அண்ணன் வாசலில் நிறுத்தி ஒலிப்பான் அடித்தான் பாருங்கள், குட்டையே எழுந்து வானத்துக்குப் போன மாதிரி அத்தனையும் கிளம்பிவிட்டன. வீடு இருட்டிவிட்டது. அண்ணன் வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் ஒரு சத்தம் போட்டிருந்தால்கூட நான் மாடியிலேயே நின்றிருப்பேன். மனுஷன் வாயைத் திறக்கவில்லை. மேலே பறவை சுற்றுகிறது, கீழே லாரி பின்னோக்கி வருகிறது, எனக்கு என் நான்கு அறைகளும் அந்த மண்ணுக்குள் போகிற மாதிரி இருந்தது. ஒற்றைச் செருப்போடு ஓடி, லாரிக்கு முன்னால் கையை விரித்து நின்றுவிட்டேன். லாரியோடு வந்திருந்த ஆய்வாளர், "தள்ளுங்க சார், பொதுமக்கள் குடுத்த மனு, வேலையைத் தடுக்கக் கூடாது" என்றார். "யோவ், நான்தான்யா பொதுமக்கள்!" என்று கத்தினேன். தெருமுனை வரை கேட்டிருக்கும். லாரிக்காரன் சிரித்த சிரிப்பில் இயந்திரமே அணைந்துவிட்டது. லாரியின் முகப்பில் காகிதத்தை வைத்து, "பொதுமக்களாகிய எனக்கு இப்போது நாற்றம் எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். லாரி போனது. வாத்துகள் முதலில் இறங்கின. அண்ணன் என் காலைப் பார்த்தார், ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். "உள்ள வா. விலை ஏறிடுச்சு" என்றார்.

ஆகவே மேலே எழுதியதில் தங்கையின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். குழுவோடு வாருங்கள், கைக்குட்டை கொண்டுவரச் சொல்லுங்கள். பேசி முடித்தது இதுதான்: தங்குவது என் அறையில், பார்ப்பது அவர் கரையில். பலகையில் அவர் பெயர் மேலே, என் பெயர் கீழே. சில்லை என் கையால் பெயர்க்கச் சொன்னார். கொத்தனார் பெயர்ப்பார், நான் கூடை பிடிக்கிறேன் என்று அந்த ஒன்றில் மட்டும் விலையை இறக்கினேன். பறவை கிளம்பிப் போகும்வரை என் விளக்கு எரியக் கூடாது. பருவம் முடிந்ததும் என் வெள்ளை மணலை நானே வாரிவிட்டு, அவர் குட்டைச் சேற்றைக் கொண்டுவந்து பரப்ப வேண்டும்; சேறு இலவசம், லாரி என்னுடையது. சுவரில் ஒரு கதவு வைக்கிறோம். கதவு என் செலவு. தாழ்ப்பாள் அவர் பக்கம்.