காலேஜ் துரைக்கு எலுமிச்சம்பழம்

அதிகம் பேசாத பெண்ணைப் பற்றி உலகம் உயர்வாகவே எண்ணிக்கொள்கிறது. அடக்கம் என்கிறார்கள்; ஆழம் என்கிறார்கள். உள்ளே ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. கண்டியில் நான் படித்த கன்னியர் மடப் பள்ளிக்கூடம் இந்த மயக்கத்தில்தான் என்னைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. இதே மயக்கத்தில்தான் கொழும்புக் கல்லூரியில் ஆங்கில இலக்கிய ஆனர்ஸ் வகுப்பிலும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எழுத்துப் பரீட்சையில் வாய்க்கு வேலையில்லை அல்லவா?

சேர்வது எளிதாயிருந்தது; நிலைப்பதில்தான் சிக்கல். ஆனர்ஸ் மாணவர்கள் பேராசிரியரைச் சுற்றி அமர்ந்து வாதாட வேண்டும் என்பது அங்கே வழக்கம். என்னைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒரு சிறு கவிதையையும் காணி வழக்கைப் போல நடத்துவார்கள். முதலாம் ஆண்டு முழுவதும் நான் உதிர்த்த சொற்கள் 'ஆம், ஐயா', 'இல்லை, ஐயா' என்பவை மட்டுமே. (நடுவில் ஒருமுறை தும்மினேன். அனைவரும் ஆவலோடு திரும்பிப் பார்த்தார்கள்.)

ஆண்டு முடிவில் பேராசிரியர் என்னை அழைத்தார். இங்கிலாந்திலிருந்து வந்து நெடுநாளாகாத, மெலிந்த, மிகுந்த மரியாதையுள்ள மனிதர்.

"உம்முடைய கட்டுரைகள் நன்றாயிருக்கின்றன. ஆனால் ஆனர்ஸ் வகுப்பில் ஊமைக்கு இடமில்லை. விடுமுறையில் நான் கண்டியில் தங்குவேன். ஒரு மாலை வந்து அரைமணி நேரம் என்னோடு வாதாடும். இயலாவிட்டால் சாதாரண வகுப்புக்குப் போய்விடலாம்."

சாதாரண வகுப்பு என்றால் எனக்குக் கொழும்பே இல்லை. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராயிருந்த அப்பா சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்: "ஆனர்ஸ்னா போ. சாதாப் படிப்புக்கு அவ்வளவு தூரம் எதுக்கு? மடத்துலயே டீச்சர் வேல பாக்கலாம்."

நான் தேர்ந்தெடுத்த பொருள் 'துன்பியல் நாடகங்களில் மௌனத்தின் சிறப்பு'. (என்னிடம் வேறெதை எதிர்பார்க்கிறீர்கள்?) அதை நெட்டுருப்போட்டு முடித்தபோது இன்னொரு சங்கடம் எழுந்தது. கலியாணமாகாத பெண் வெள்ளைக்காரர் பங்களாவுக்குத் தனியே போகலாமா? அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா தன் அண்ணனை வரவழைத்தாள். மாமா கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கங்காணி. கூலியாட்களோடு ஒரு மலை முழுவதும் அவர் குரலுக்கு அசையும்.

"தொர எதுக்குக் கூப்பிட்டிருக்காரு?"

"படிப்பு விசயமாத்தாண்ணே. சரியாப் பேசலன்னா வகுப்புல இருந்து எடுத்துருவாங்களாம்."

"பேரு வெட்டப் போறாங்களா!" மாமாவின் மீசை நடுங்கியது. தோட்டத்தில் பேர் வெட்டப்பட்டவனுக்கு வேலையும் போய்விடும், குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போய்விடும். "யாரு அவரு, பெரிய தொரயா, சின்ன தொரயா?"

தோட்டத்தில் மானேஜர் பெரிய துரை, அவருக்கு அடுத்தவர் சின்ன துரை; பேராசிரியரை எந்த வகையில் சேர்ப்பது சரியாயிருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்தேன். அந்தத் தாமதத்துக்குள் மாமாவே முடிவு செய்துவிட்டார்.

"பெரிய தொரதான். நீ வாயே தெறக்க வேணாம் திரேசா. எல்லாம் நா பேசிக்கிறேன்."

வாய் திறப்பதற்காகவே போகிறேன் என்பதை அப்போதே சொல்லியிருக்கலாம்.

குறித்த நாளில் மாமா பஸ்ஸிலிருந்து இறங்கினார்: கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, வெள்ளிப் பூண் போட்ட குடை, ஓர் எலுமிச்சம்பழம். பின்னால் அவருக்குக் கீழுள்ள சில்லறைக் கங்காணிகள் நால்வர், அவர்கள் கையிலும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். அவர்களுக்குப் பின்னால் ஒரு வாழைக்குலை, செவ்வந்தி மாலை, இரண்டு தப்புக்காரர்கள். நான் மௌனத்தின் சிறப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். முன்னால் தப்படித்துக்கொண்டு போகிறார்கள்!

ஏரிக்கரை ரோட்டில் மடவளை முஸ்லிம் வியாபாரி ஒருவர் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன கங்காணியார், கலியாணமா?"

"இல்ல நானா, படிப்பு!" என்றார் மாமா பெருமையோடு.

பேராசிரியர் தலைவலிக்காக, அமைதியை நாடிக் கண்டிக்கு வந்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தப்புச் சத்தம் கேட்டு விறாந்தைக்கு வந்தவரின் கழுத்தில் மாலை விழுந்தது. பிறகு பழங்கள். தோட்டத்தில் துரையிடம் மனுச் சொல்லப் போகிறவர்கள் அவர் கையில் எலுமிச்சம்பழம் கொடுத்துச் சலாம் வைப்பார்கள். துரை அதை வாங்கிப் பங்களா வேலையாளான அப்புவிடம் கொடுத்துவிட்டால் மனுவைக் கேட்கச் சம்மதம் என்று பொருள். பேராசிரியருக்கு இது எப்படித் தெரியும்? மாமாவின் பழத்தை வாங்கினார், மற்றவர்களுடையதையும் வாங்கினார். இரண்டு கைகளும் நிறைந்ததும், பதிலுக்குப் பதில் கொடுப்பதே இந்நாட்டு முறை போலும் என்று எண்ணி, குனிந்து வணங்கி ஒரு பழத்தை மாமாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

தப்பு நின்றது.

"பழத்தத் திருப்பிட்டாரே!" என்றார் ஒரு சில்லறைக் கங்காணி. "பாவம் புள்ள. பேரு வெட்டியாச்சு."

பேராசிரியர் என்னிடம் கதிரையைக் காட்டி, "உட்காரும்" என்றார்.

"தொர முன்னால ஒக்காராத!" என்றார் மாமா பல்லைக் கடித்துக்கொண்டு.

இருவரையும் மதித்து நான் பாதி உட்கார்ந்து பாதியில் நின்றேன். அதன் பிறகு நடந்த அனைத்தையும் அந்த நிலையிலேயே நடத்தினேன் என்பதை வாசகர் நினைவில் வைக்க வேண்டும்.

மாமா தலைப்பாகையைக் கழற்றி மன்றாடத் தொடங்கினார். "தொரைகளே! இந்தப் புள்ள படிக்காத பொஸ்தகமே கண்டியில கெடையாது!"

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் பேராசிரியர்.

மொழிபெயர்ப்பில் நேர்மை வேண்டும் என்பது என் கொள்கை. "நான் படிக்காத நூலே கண்டியில் இல்லை என்கிறார். அது உண்மையன்று. நீங்கள் சென்ற தவணை தந்த நாடகங்களிலேயே ஒன்றைப் பாதியில் மூடிவிட்டேன். நாயகன் தன் துயரத்தை முழுவதும் தானே விளக்கிவிடுகிறான். நாம் துயரப்பட ஒன்றும் மிஞ்சுவதில்லை."

"அது நாயகனின் குறையா, எழுதியவரின் குறையா?"

"எழுதியவருடையது. பேசத் தெரிந்த பாத்திரத்தை எங்கும் பேசவிடுவது வெறும் சோம்பல்."

"என்னா சொல்றாரு? எரங்குறாரா?" என்றார் மாமா.

"சும்மா இருங்க மாமா!"

ஒரு மலையை அதட்டும் மனிதர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் சற்று நேரந்தான். "ஆம்பளப் பசங்கள்லயே இதுக்குச் சமானம் இல்லன்னு சொல்லு!"

அதையும் மொழிபெயர்த்தேன், அதையும் மறுத்தேன். வகுப்பில் என்னைவிடத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டேன். ஆயினும் அவர்கள் இன்னின்ன கவிதைகளைப் பற்றிச் சொன்னவை தவறு என்றேன். ஓராண்டாக உள்ளே அடைத்து வைத்திருந்த மறுப்புகள் எல்லாம் வெளியே வந்தன. பேராசிரியர் சொன்னவற்றிலும் சில தவறு என்றேன். அவர் குறுக்கிட்டார், நான் விடவில்லை. கால்கள் மரத்துப்போயின.

இறுதியில் மாமா கைகூப்பினார். "இந்தப் புள்ளய வச்சுக்கலன்னா வேற யாரத்தான் வச்சுக்குவீங்க?"

அதையும் மொழிபெயர்த்து, "இது கேள்வி, வாதமன்று," என்றேன் பேராசிரியரிடம். "என்னை ஆனர்ஸ் வகுப்பில் வைத்திருக்க நியாயமே இல்லை. பேச வேண்டிய வகுப்பில் பேசாதவளுக்கு இடம் கொடுப்பது, பேசுகிறவர்களுக்குச் செய்யும் அநீதி." என்னை ஏன் நீக்க வேண்டும் என்பதை, அவர் எழுப்பிய ஒவ்வொரு ஆட்சேபத்தையும் உடைத்து, ஐயத்துக்கு இடமின்றி நிறுவி முடித்தேன்.

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "அரைமணி எப்போதோ கடந்துவிட்டது. உம்மை நீக்க வேண்டும் என்று இவ்வளவு திறமையாக வாதாடிய பிறகு உம்மை எப்படி நீக்குவது?" அப்போதுதான் தம் கைகள் வலிப்பதை உணர்ந்து, மிஞ்சிய பழங்களை அப்புவிடம் கொடுத்தார்.

"வாங்கிட்டாரு!" என்று மாமா கூவினார். தப்பு முழங்கியது. பேராசிரியர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஆனர்ஸ் நிலைத்தது. என் வாதத்தால் என்று நான் சொல்கிறேன். குடும்பத்தில் ஒருவரும் நம்புவதில்லை.

அடுத்த தவணை முதல் பேராசிரியரின் மேசைமேல் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. நான் மௌனமாகும்போதெல்லாம் அதை என் பக்கம் உருட்டிவிடுவார். பட்டம் பெறும்வரை அப்படியே பேசினேன்.

சென்ற ஆண்டு கலகெதரயிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஏதோ கேட்டார், நான் தலைகுனிந்திருந்தேன். உள்ளேயிருந்து அம்மா அனுப்பிய கோப்பித் தட்டில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. உடனே பேசத் தொடங்கினேன். நல்ல நூல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டதாகச் சொன்ன மாப்பிள்ளையிடம் சிலவற்றின் பெயரைக் கேட்டேன். அவர் கோப்பியை முடிக்காமலே எழுந்துவிட்டார். எழும்போது பழம் தமக்கென்று எண்ணிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒரு தகவலும் இல்லை. எல்லோரும் அத்தோடு முடிந்தது என்றோம். மாமா மட்டும் கலஹாவிலிருந்து வந்து, நடந்ததை முழுவதும் கேட்டு, ஒரே கேள்விதான் கேட்டார்.

"பழத்தத் திருப்பிக் குடுத்தானா?"

"இல்லண்ணே, கொண்டு போயிட்டாரு."

"அப்பப் பேரு வெட்டல," என்று தீர்ப்புச் சொன்னார் மாமா.

அன்று முதல் கலகெதர பஸ் இரைச்சலோடு வீட்டைக் கடக்கும்போதெல்லாம், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே அப்பா சொல்கிறார்: "திரேசா, பழம் திரும்பி வருதான்னு பாரு."