பாம்புப் புற்று, பத்து முதல் ஐந்து வரை

ஒரு காட்டில் என்று வாயைத் திறந்தாலே, "எந்தக் காடு, சர்வே எண் என்ன?" என்று மடக்குகிற காலம் இது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சர்வே எண் நாற்பத்தேழு, கீழ்ப்பாகம், அங்கே ஒரு காடு. அந்தக் காட்டில் பூங்காவனம் என்றொரு கீரி, நாவல் மரத்தடியில் விஷக்கடி மருந்துக் கடை வைத்திருந்தாள். காலையில் மலையேறி மூலிகை பறிப்பாள், சாயங்காலம் அரைத்து விற்பாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். நாலு குட்டிகளுக்கும் ஒரு மாமியாருக்கும் அந்த அம்மிதான் சோறு போட்டது.

அப்படியிருக்க, சிங்கராஜாவின் தர்பாரிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கடை வைத்திருக்கிற ஒவ்வொருவரும் ஒரு பதிவு ஏஜெண்டை நியமிக்க வேண்டுமாம். தர்பார் நோட்டீஸ் அனுப்பும்போது கடைக்காரர் வெளியே போயிருந்தால் யார் கையில் கொடுப்பது? ஆகவே ஏஜெண்டுக்கு நிலையான முகவரி வேண்டும். பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை அவர் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. நோட்டீஸை நேரில் வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். அமாவாசைக்குள் ஏஜெண்டைப் பதியாத கடைக்குச் சீல்.

பூங்காவனம் படிவத்தைத் தூக்கிக்கொண்டு நாயாய் அலைந்தாள். குரங்கு சந்தோஷமாகச் சம்மதித்தது. முகவரி கேட்டால் மட்டும், "இப்போதைக்கு இந்தக் கிளைன்னு எழுதிக்கோ" என்றது. ஆந்தையிடம் போனாள். "பத்திலேருந்து அஞ்சு வரைக்குமா? அதுதானே அம்மா நான் தூங்குற நேரம்!" என்று அது கண்ணை மூடிக்கொண்டது.

கடைசியில் குளக்கரைக் கொக்கு கனகசபை அகப்பட்டார். ஒற்றைக் காலில் ஒரே இடத்தில் நாள் முழுக்க நிற்கிறவர். சுத்தமான வெள்ளைச் சட்டைக்காரர். பொய் சொல்லத் தெரியாது. "அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டுப் பூங்காவனம் அவர் பெயரைப் பதிந்தாள். தர்பார் குமாஸ்தா சிகாமணி என்ற நரி, முத்திரை குத்திக்கொண்டே, "தங்கமான ஆளைப் பிடிச்சிருக்கே" என்று பாராட்டினார்.

தங்கம்தான், என்ன செய்ய? தர்பார் நோட்டீஸ்களைச் சுமந்து வரும் கழுதைக்கு அவ்வளவு மரியாதையாக எவரும் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. அது தினமும் குளக்கரைக்கே வரத் தொடங்கியது. கடைப் பலகையில் சிங்கராஜா படம் ஏன் இல்லை என்று ஒரு நோட்டீஸ். படம் போட்டதும், யாரைக் கேட்டுப் படம் போட்டாய் என்று ஒரு நோட்டீஸ். எல்லாவற்றுக்கும் கையெழுத்தான நாளிலிருந்து மூன்று நாளில் பதில் தரணும். பூங்காவனம் பதில் எழுதி எழுதியே ஓய்ந்தாள். மலைக்குப் போக நேரமில்லை, அம்மி காய்ந்தது, குட்டிகள் பசியில் கத்தின.

"மத்த கடைக்காரங்க எல்லாம் எப்படிய்யா சமாளிக்கிறாங்க?" என்று கழுதையிடம் அழாத குறையாகக் கேட்டாள்.

"அவங்க ஏஜெண்ட் யாரும் கையில சிக்குறதில்லையேம்மா. கையெழுத்து விழுந்தாத்தான் அது நோட்டீஸ். விழலேன்னா வெறும் காகிதம், நான் தின்னுடுவேன்" என்றது கழுதை. "பதில் பிந்திடுச்சுன்னு இந்த வாரம் உனக்குச் சீல் நோட்டீஸ் வருது. உன் கொக்கு கண்டிப்பா வாங்கிடும், பாவம்."

அன்றைக்கே பூங்காவனம் ஏஜெண்டை மாற்றும் படிவத்தோடு பாம்புப் புற்றுக்குப் போனாள். உள்ளே இருந்தவர் வேலாயுதம், ஐந்தடி நல்லபாம்பு. அவரைப் பார்த்ததும் அவளுக்குப் பல் நமநமத்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டாள்.

"என் பெரியப்பாவைக் கடிச்சுக் குதறினது உன் மாமியார்" என்றார் வேலாயுதம்.

"என் புருஷனைக் கொன்னது உங்க அண்ணன். குடும்பம் வேற, தொழில் வேறங்க. பத்திலேருந்து அஞ்சு வரைக்கும் வெளியே போவீங்களா?"

"வெயில்ல எவன் போவான்?"

"அது போதும். நீங்க என் ஏஜெண்ட். நானும் என் குட்டிங்களும் உங்க சனத்து மேல பல் வைக்க மாட்டோம்."

சிகாமணி படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். முகவரி நிலையானது. ஆள் அசையாதவர். விஷம் உண்டா என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை. முத்திரை குத்தினார்.

சீல் நோட்டீஸோடு கழுதை புற்றுக்குப் போனது. "வாங்க, வாங்க. கிட்ட வந்து குடுங்க, கையெழுத்துப் போடுறேன்" என்று வேலாயுதம் படத்தை விரித்து உபசரித்தார். கழுதை திரும்பிப் பார்க்காமல் ஓடியது. மூன்று நாள் இதே கதை. சிங்கராஜாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சிகாமணி, "தர்பார் ஆளைத் தொட எவனுக்குத் துணிச்சல்? இன்னைக்குக் கையெழுத்து வாங்கலேன்னா நான் நரியே இல்லை!" என்று சவால் விட்டுத் தானே கிளம்பினார்.

நோட்டீஸை நீட்டினார். மூக்கில் வாங்கினார்.

மூக்கு சுரைக்காயாக வீங்க, அவர் உருண்டு புரண்டு வந்து விழுந்த இடம் நாவல் மரத்தடி. அந்தக் காட்டில் விஷக்கடிக்கு வேறு கடை கிடையாது.

"தாயே, மருந்து!"

"குடுக்கலாங்க. ஆனா இந்தக் கடைக்குச் சீல் வைக்கணும்னு யாரோ சொன்னாங்களே?" என்று பூங்காவனம் அம்மியைத் துடைத்தாள், ரொம்ப நிதானமாக.

"எவன் சொன்னான்? காகிதத்தைக் கொண்டா, இப்பவே வாபஸ்னு எழுதறேன்!"

எழுதினார். அவள் மருந்தை அரைத்தாள். சிகாமணி பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தர்பாரிலிருந்து அவளுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. கதை பரவியதும் மற்ற கடைக்காரர்கள் படிவங்களோடு புற்றுக்கு முன்னால் வரிசை கட்டினார்கள், எட்டடி தள்ளித்தான். வேலாயுதம் டோக்கன் கொடுக்க ஆரம்பித்தார். கொக்கு கனகசபை மட்டும் குளக்கரையில் வேலை கிடைக்காமல் நிற்கிறார். நல்ல மனுஷர் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஒருநாள் புற்றைக் கடக்கும்போது பூங்காவனம் கும்பிடு போட்டதைப் பார்த்து மாமியார் கொதித்தாள். "அடிப்பாவி! கீரி வம்சத்துல பொறந்துட்டுப் பாம்பைக் கும்பிடுறியா?"

"மெதுவாப் பேசுங்க அத்தை" என்றாள் பூங்காவனம். "ஆபீஸ் நேரம்."

நீதி: யோக்கியனை ஏஜெண்டாக வைத்தால் கடிதம் தவறாமல் வந்து சேரும், கடிக்கிறவனை வைத்தால் கடிதமே வராது.